ஆர்ச்சர்ட் ரோடு கிறிஸ்துமஸ் ஒளியூட்டு: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

நவம்பர் பாதி தாண்டினால் என் கைப்பேசிக்கு ஓய்வு கிடையாது. டிசம்பர் விடுமுறைக்குச் சிங்கப்பூர் வரும் சொந்தக்காரர்கள், அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள், "சனிக்கிழமை பிள்ளைகளோட போறோம், எங்க இறங்கணும்?" என்று கேட்கும் பக்கத்து புளோக் அக்கா. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கடைத்தொகுதிகள் வரிசையாக நிற்கும் இந்த ஆர்ச்சர்ட் ரோட்டில் அலங்காரம் வருஷா வருஷம் மாறும், ரோடு மாறாது. அதனால் இங்கே ரோட்டைப் பற்றித்தான் அதிகம் இருக்கும்.

எப்போதிலிருந்து எப்போது வரை இருக்கும்? எத்தனை மணிக்குப் போகலாம்?

வழக்கமாக நவம்பர் நடுவில் விளக்கேற்றி, புத்தாண்டு வரை வைத்திருப்பார்கள். சரியான தேதியை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மணி விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. டிசம்பரில் இங்கே ஏறக்குறைய 7 மணிக்குச் சூரியன் மறையும். நீண்ட அந்திப்பொழுதெல்லாம் கிடையாது, பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம், இருபது இருபத்தைந்து நிமிடத்தில் இருட்டிவிடும். அந்த இருபது நிமிடம்தான் பொன்னான நேரம்: வானம் கருநீலமாக இருக்கும், விளக்கும் எரியும், கட்டடங்களும் மரங்களும் கண்ணுக்குத் தெரியும். முழு இருட்டில் போனால் விளக்கு மட்டும்தான் தெரியும். ஆகவே 6.45-க்கே அங்கே இருங்கள். "சாப்பிட்டுவிட்டு எட்டரைக்குக் கிளம்புகிறோம்" என்பவர்கள் கூட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு வருவார்கள்.

இன்னொன்று, அந்த நேரத்தில் மரங்களில் அடையும் மைனாக்களின் சத்தம். ஆர்ச்சர்ட் ரோட்டின் மைனாக் கூட்டம் பேர்போனது, கரோல் பாட்டையே அமுக்கிவிடும். மரத்துக்கு நேர் கீழே நின்று மேலே பார்த்து வாயைத் திறக்க வேண்டாம், அவ்வளவுதான் சொல்வேன்.

எங்கே ஆரம்பித்து எங்கே முடிப்பது?

இதில்தான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள். ஆர்ச்சர்ட் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி, நேராகக் கூட்டத்தின் நடுவில் வெளியே வந்து, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் ஒரே கடைத்தொகுதியைச் சுற்றிவிட்டுக் கால் வலிக்கிறது என்று திரும்பிவிடுவார்கள்.

ரோட்டின் நீளம் சுமார் 2.2 கிலோமீட்டர். மேற்கே டாங்லின் முனை, கிழக்கே தோபி காட் முனை. வண்டிகள் ஒருவழியாக டாங்லினிலிருந்து தோபி காட்டை நோக்கித்தான் ஓடும். தலைக்கு மேல் ரோட்டின் குறுக்கே தொங்கும் தோரணங்கள், நான் பார்த்தவரை, வண்டியில் வருகிறவர் கண்ணுக்குத்தான் முகம் காட்டும். நீங்கள் தோபி காட்டிலிருந்து எதிர்த்திசையில் நடந்தால் பாதி அலங்காரத்தின் முதுகைத்தான் பார்ப்பீர்கள், கம்பியும் வயரும் தெரியும். ஆகவே மேற்கிலிருந்து கிழக்கே நடங்கள்.

முன்பெல்லாம் டாங்லின் முனைக்குப் போக பஸ் பிடிக்க வேண்டியிருந்தது. 2022 நவம்பரில் தாம்சன் – ஈஸ்ட் கோஸ்ட் ரயில்பாதையில் ஆர்ச்சர்ட் பொலிவார்ட் நிலையம் திறந்த பிறகு அந்தக் கவலை இல்லை. அங்கே இறங்கினால் டாங்லின் மால் சில நிமிட நடை. பல ஆண்டுகளாக டிசம்பரில் நுரையை ஊதிப் பனி பெய்ய வைப்பது அந்த இடம்தான்; பெரியவர்களுக்கு அது வெறும் சோப்பு நுரை, ஐந்து வயதுக் குழந்தைக்கு அதுதான் பனி, அந்த வருஷம் உண்டா, எத்தனை மணிக்கு என்று மட்டும் பார்த்துவிட்டுப் போங்கள்.

அங்கிருந்து வரிசையாக அயன் ஆர்ச்சர்ட், நீ ஆன் சிட்டி, பாராகன் கடைத்தொகுதிகள், சோமர்செட், சென்டர்பாயின்ட், இஸ்தானா வாசல், பிளாசா சிங்கப்பூரா, தோபி காட் எம்ஆர்டி. வழி முழுக்க ஒரே நேர்கோடு. நின்று நின்று போனால் இரண்டரை மணி நேரம் ஆகும்.

அயன் பக்கத்து நாற்சந்தியில் ரோட்டைக் கடக்கவே வழியில்லையே?

இல்லைதான். ஆர்ச்சர்ட், ஸ்காட்ஸ், பேட்டர்சன் ரோடுகள் சந்திக்கும் அந்த இடத்தில் தரைமட்டத்தில் கடக்க முடியாது, சுரங்கப்பாதைதான். அயன், டாங்ஸ், ஷா ஹவுஸ், வீலாக் பிளேஸ் எல்லாம் கீழே இணைந்திருக்கும். முதல்முறை வருகிறவர் கீழே இறங்கி, நாலு பக்கமும் கடையைப் பார்த்துத் திகைத்து, வேறு மூலையில் வெளியே வருவது சகஜம். குடும்பமாகப் போனால், "பிரிந்துவிட்டால் இங்கே வந்து நில்" என்று தரைக்கு மேல் ஓர் இடத்தை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அயன் வாசலில் வண்ண வண்ணமாக நிற்கும் மனிதச் சிலைகள் இதற்கு நல்ல அடையாளம். தப்பவே முடியாது.

அம்மாவால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. என்ன செய்வது?

பஸ். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, ஈரடுக்குப் பேருந்தின் மேல்தட்டு முன் இருக்கைக்கு இணையான இடம் அந்த ரோட்டிலேயே இல்லை. தோரணங்கள் நேராகக் கண் மட்டத்துக்கு வரும், ஒவ்வொன்றாக உங்களுக்குள் புகுந்து போவது போல இருக்கும். ஹாலந்து ரோடு, நேப்பியர் ரோடு வழியாக வரும் 7-ஆம் எண் பஸ் டாங்லின் பக்கத்திலிருந்து ஆர்ச்சர்ட் ரோடு முழுக்க ஓடி தோபி காட் போகும். வேறு எண்களும் உண்டு. டாங்லின் முனையில் ஏறுங்கள், நடுவில் ஏறினால் முன் இருக்கை கிடைக்காது. மாடி ஏற முடியாதவர் என்றால் கீழ்த்தட்டில் இடதுபக்க ஜன்னல், நடைபாதையோரம் உள்ளவை நன்றாகத் தெரியும். எதிர்த்திசை பஸ்கள் ஆர்ச்சர்ட் ரோட்டில் வராது, பின்பக்க ரோடுகளில் சுற்றிப் போகும், அவற்றில் ஏறி "ஒன்றுமே இல்லையே" என்று திட்டாதீர்கள். என் அத்தையின் முழங்கால் வலி வருஷத்திலிருந்து எனக்கே இது பழகிவிட்டது, இப்போதெல்லாம் முதலில் ஒருமுறை பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு, எங்கே இறங்கி நின்று பார்க்கலாம் என்று முடிவு செய்துதான் நடக்கிறேன்.

நெரிசலான நாட்களில் அந்த பஸ் ஆமை வேகத்தில் நகரும். அன்றைக்கு மட்டும் அது வரம்.

இதெல்லாம் கலையா, இல்லை பெரிய விளம்பரமா?

இரண்டும்தான், பலர் ஒப்புக்கொள்ளத் தயங்குவார்கள். இந்த ஒளியூட்டைச் சுற்றுலாத் துறை 1984-இல் ஆரம்பித்ததே பயணிகளைக் கடைக்கு இழுக்கத்தான். இப்போது ஆர்ச்சர்ட் ரோடு வர்த்தகர்கள் சங்கம் நடத்துகிறது. கடைக்காரர்கள் காசு போட்டுச் செய்வதில் கடை தெரியாமல் இருக்குமா?

ஆனால் ஓர் எல்லை இருக்கிறது, அது எங்கே என்று 2018-இல் தெரிந்தது. அந்த வருஷம் ரோடு முழுக்க டிஸ்னி கதாபாத்திரங்கள். குழந்தைகளுக்குக் கொண்டாட்டம், கிறிஸ்தவ அமைப்புகளோ, இதில் கிறிஸ்துமஸ் எங்கே இருக்கிறது என்று வெளிப்படையாகவே கேட்டன. நானும் அந்த வருஷம் நடந்தேன். வேலைப்பாட்டில் குறை சொல்ல முடியாது, ஆனால் எலி காதைத் தவிர வேறெதுவும் நினைவில் நிற்கவில்லை என்பது உண்மை.

நான் வைத்திருக்கும் அளவுகோல் எளிமையானது. ஓர் அலங்காரத்தின் முன்னால் நின்று, அதிலிருக்கும் கம்பெனிப் பெயரை மனசுக்குள் அழித்துவிட்டுப் பாருங்கள். அப்புறமும் பார்க்க ஏதாவது மிஞ்சினால் அது கலை. சில வருஷம் ஒரு நகைக்கடை வாசலில் தொங்கவிட்ட நூற்றுக்கணக்கான கண்ணாடித் துண்டுகள் மிஞ்சும், கோடி கொட்டிச் செய்த பெரிய மரம் மிஞ்சாது. மரம் என்றால் பொதுவாக அயன் முன்னாலும் நீ ஆன் சிட்டியில் உள்ள தகாஷிமாயா முன்னாலும் பெரிதாக நிற்கும். இரண்டையும் அடியில் நின்று பார்க்காதீர்கள், எதிர்ப்பக்க நடைபாதைக்குப் போய்ப் பாருங்கள். அடியில் நிற்பது படம் எடுத்துக்கொள்ள மட்டும்தான்.

கட்டணம் உண்டா?

ரோட்டில் பார்ப்பது எல்லாம் இலவசம். கடைத்தொகுதிகளுக்குள் வைப்பதில்தான் கவனம் தேவை. ஒருமுறை ஒரு கடைத்தொகுதியில் "இலவசம்" என்று பலகை வைத்திருந்த ஒளிக்குகைக்கு முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றோம். வாசலுக்கு வந்த பிறகுதான் ரசீது காட்டச் சொன்னார்கள், இத்தனை வெள்ளிக்கு (டாலருக்கு) மேல் வாங்கியிருந்தால்தான் இலவசமாம். பையன் அழ ஆரம்பித்துவிட்டான். வேறு வழியில்லாமல் வேண்டாத ஒரு குளியல் துண்டு வாங்கினோம், அது இன்னும் வீட்டில் இருக்கிறது. வரிசையில் நிற்கும் முன் ஒருவரை அனுப்பி விசாரித்துவிடுங்கள்.

கைப்பேசியில் எடுத்தால் விளக்கெல்லாம் வெள்ளைத் திட்டாக வருகிறது, வீடியோவில் கோடு கோடாக ஓடுகிறது. ஏன்?

முதல் பிரச்சினை: கேமரா இருட்டைப் பார்த்துப் படத்தை வெளிச்சமாக்கப் பார்க்கிறது. திரையில் மிகப் பிரகாசமான விளக்கைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியன் குறியைக் கீழே இழுங்கள். படம் இருட்டாகிறதே என்று பயப்பட வேண்டாம், விளக்கின் நிறம் அப்போதுதான் வரும். அதற்கும் முன்னால் லென்ஸைத் துடையுங்கள், பாதிப் பேருக்கு அதிலேயே சரியாகிவிடும், விரல் எண்ணெய்தான் விளக்கைச் சுற்றி மங்கலான வட்டம் போடுகிறது.

வீடியோவில் ஓடும் கோடு எல்இடியால் வருவது. கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அந்த விளக்குகள் அணைந்து அணைந்து எரிகின்றன. இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், கைப்பேசியோ வழக்கமாக நொடிக்கு 30 அல்லது 60 சட்டகம் எடுக்கும், இரண்டும் ஒத்துப்போவதில்லை. அமைப்புகளில் 25 என்று மாற்ற வழியிருந்தால் மாற்றிப் பாருங்கள், பெரும்பாலும் குறையும்.

டிரோன் பற்றியும் கேட்கிறார்கள். அதிபர் மாளிகையான இஸ்தானா அதே ரோட்டில் இருக்கிறது. நினைக்கவே வேண்டாம்.

மழை வந்தால்?

வரும். டிசம்பர் வடகிழக்குப் பருவமழைக் காலம், நம் சென்னைக்கு அடிக்கிற அதே பருவமழைதான் இங்கேயும். 2010-இல் இந்த ரோட்டிலேயே வெள்ளம் புகுந்து கடைகள் மூழ்கியதைப் பழையவர்கள் சொல்வார்கள், அதன்பிறகு நிலத்தடியில் நீர்த்தேக்கத் தொட்டியெல்லாம் கட்டினார்கள்.

என்னைக் கேட்டால் மழை நின்ற அரை மணி நேரம்தான் வருஷத்திலேயே சிறந்த காட்சி. ஈரமான தார் ரோட்டில் தோரணம் தலைகீழாக இன்னொரு முறை எரியும், கூட்டமும் உள்ளே ஒதுங்கியிருக்கும். மழை பெய்யும்போது கடைத்தொகுதிக்குள் இருப்பதைப் பாருங்கள், விட்டதும் வெளியே ஓடுங்கள்.

வருஷம் முழுக்க இருக்கும் சிற்பங்கள் ஏதாவது வழியில் உண்டா?

இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, நானே சேர்த்துக்கொண்டேன். அயன் வாசலில் பெரிய வெண்கலச் சாதிக்காய் ஒன்று கிடக்கிறது, பாதி வெடித்து உள்ளே இருக்கும் சாதிபத்திரி தெரிகிற மாதிரி. குமாரி நாகப்பன் 2009-இல் செய்தது. சாங்கி விமான நிலையத்தின் மூன்றாம் முனையத்தில் பெரிய சிவப்புக் குன்றிமணி போல ஒரு சிற்பம் பார்த்திருப்பீர்களே, மஞ்சாடி விதை, அதுவும் அவருடையதுதான்.

ஏன் இங்கே சாதிக்காய் என்றால், 1830, 40-களில் இந்த இடம் முழுக்கச் சாதிக்காய்த் தோட்டமும் பழத்தோட்டமும். ஆர்ச்சர்ட் என்றாலே தோட்டம்தானே. 1850-களில் நோய் தாக்கிச் சாதிக்காய் மரங்கள் அழிந்தன, பெயர் மட்டும் தங்கிவிட்டது. டிசம்பர் இரவில் எல்லாரும் அந்தச் சாதிக்காய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு பிளாஸ்டிக் மரத்தோடு படம் எடுப்பதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் சிரிப்பாக இருக்கும். கேக்கில் போடுகிற வாசனையே இதுதான்.

குடில் எங்கே பார்க்கலாம்?

நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து வந்த என் நண்பரின் அம்மா கேட்ட கேள்வி. ஆர்ச்சர்ட் ரோடு முழுக்க நடந்துவிட்டு, "எல்லாம் சரி, குழந்தை இயேசு எங்கப்பா?" என்றார். ரோட்டில் ஒரு வருஷம் இருக்கும், ஒரு வருஷம் இருக்காது. தோபி காட் முனையில் 1878-இல் கட்டிய பிரஸ்பிட்டேரியன் தேவாலயம் இருக்கிறது, வெள்ளையாக, சுற்றியுள்ள உயரமான கட்டடங்களுக்கு நடுவில் அடக்கமாக. அதையும் பாருங்கள். ஆனால் நம்மவர்களின் குடில் வேண்டுமென்றால் ஓஃபிர் ரோட்டில் லூர்து மாதா ஆலயத்துக்குப் போக வேண்டும். தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக 1888-இல் எழுப்பியது, தமிழில் திருப்பலியும் உண்டு. தோபி காட்டிலிருந்து தூரமில்லை.

24-ஆம் தேதி ராத்திரி போகலாமா?

போகலாம், கூட்டத்தைப் பார்க்க. அலங்காரத்தைப் பார்க்க அல்ல. அன்றைக்கு நீங்கள் நடப்பதில்லை, நகர்த்தப்படுகிறீர்கள். இளைஞர்களாக இருந்தால் ஒருமுறை அனுபவிக்க வேண்டியதுதான். குழந்தையும் வயதானவர்களும் உடன் வந்தால் டிசம்பர் முதல் இரண்டு வாரத்தில் ஒரு செவ்வாய் அல்லது புதன். ஞாயிறு வேண்டாம், லக்கி பிளாசா பக்கம் விடுமுறை நாளில் கூடும் பணிப்பெண்களின் கூட்டமே நடைபாதையை நிறைத்துவிடும், பாவம், அவர்களுக்கு வாரத்தில் கிடைப்பது அந்த ஒரு நாள்தான்.

24-ஆம் தேதி போவதாக இருந்தால் திரும்புவதற்கு சோமர்செட் வேண்டாம், தோபி காட் வரை நடந்துவிடுங்கள். மூன்று ரயில்பாதைகள் இருப்பதால் கூட்டம் பிரியும். கடைசி ரயில் நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

என்னென்ன செய்யக் கூடாது?

2019 ஜனவரி 1 முதல் ஆர்ச்சர்ட் ரோடு வட்டாரத்தில் குறிப்பிட்ட இடங்களைத் தவிர வேறெங்கும் புகைபிடிக்க முடியாது. இரவு 10.30-க்கு மேல் பொது இடத்தில் மது அருந்தக் கூடாது. இரண்டுக்கும் அபராதம் உண்டு, ஊரிலிருந்து வரும் மாமாக்களிடம் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள்.

சாப்பாடு?

வண்டியில் ஐஸ்கிரீம் விற்பவர் கண்ணில் பட்டால், பல நிற ரொட்டியில் மடித்துத் தருவதை வாங்குங்கள். ரோட்டோரத்தில் அது போதும். முழுச் சாப்பாடு, அதுவும் சைவம் என்றால், ஆர்ச்சர்ட் ரோட்டில் தேடி அலையாமல் தோபி காட்டில் வடகிழக்கு ரயில் பிடியுங்கள், அடுத்த நிலையமே லிட்டில் இந்தியா. சிராங்கூன் ரோட்டில் கோமள விலாஸ் 1947 முதல் இருக்கிறது. என்ன, நேரம் பார்த்துப் போங்கள்.

தீபாவளி ஒளியூட்டைவிட இது நன்றாக இருக்குமா?

வேறு மாதிரி. சிராங்கூன் ரோட்டில் கடைகள் தாழ்வானவை, தோரணத்துக்குப் பின்னால் வானம்தான், கீழே பூக்கடை வாசனை. ஆர்ச்சர்ட் ரோட்டில் கண்ணாடிக் கட்டடங்கள் விளக்கை இரண்டாக்கி மூன்றாக்கிக் காட்டும். ரசனைப்படி தேர்ந்தெடுங்கள். எனக்கு எது பிடிக்கும் என்பதை வெளியில் சொன்னால் வீட்டில் பிரச்சினை வரும்.

ஒரே ஒரு இடம்தான் பார்க்க நேரம் இருக்கிறது. எங்கே போவது?

எல்லாரும் அயன் என்பார்கள். நான் தோபி காட் முனை என்பேன். அலங்காரம் அங்கே மெலிந்துவிடும், உண்மை. பிளாசா சிங்கப்பூரா பக்கம் நின்று, வந்த வழியைத் திரும்பிப் பாருங்கள், முதுகு தெரிந்தால் தெரியட்டும், மொத்த ரோடும் ஒரு வெளிச்ச நதி போல இறங்கி வரும். தோபி என்ற பெயர் இங்கே ஓடையில் துணி வெளுத்த நம் நாட்டு வண்ணார்களால் வந்தது. ஆர்ச்சர்ட் ரோட்டுக்கு அந்தக் காலத் தமிழர்கள் வைத்திருந்த பெயர் வைராகிமடம். இதே தோபி காட்டில்தான் சிவன் கோயிலும் இருந்தது, எம்ஆர்டி கட்ட 1983-இல் இடித்தார்கள், இப்போது கேலாங் ஈஸ்ட்டில் இருக்கிறது. எங்கள் புளோக்கில் இருக்கும் தாத்தா ஒருவர், ஒளியூட்டைப் பார்க்க வந்தால் இந்த முனையில்தான் இறங்குவார். கோயில் வாசல் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று கையை நீட்டிக் காட்டுவார், அப்புறம்தான் விளக்கைப் பார்க்கத் திரும்புவார்.